மருதாணித் தலையோடு ஒரு நாவல்

எனக்கு எழுத்து வரவேண்டும் என்றால் தலையில் மருதாணி அப்பியிருக்க வேண்டும். சிரிக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கப் பதினோரு வருஷம் ஆனது. அதற்குள் எத்தனை நோட்டு, எத்தனை பேனா, எத்தனை சபதம்!

திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் அரசாங்க வேலை. வீட்டில் கணவர், மாமியார், காலேஜ் படிக்கும் மகள், நான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று கதை எழுதி, மூன்றும் பத்திரிகையில் வந்தன. அதற்கப்புறம் ஒரு நாவல் மண்டைக்குள் வந்து குடியேறிக்கொண்டது. வல்லம் பக்கம் ஒரு ஊர், அங்கே ஒரு கிணறு, அந்தக் கிணற்றால் பேச்சுவார்த்தை அறுந்துபோன இரண்டு வீடுகள். இவ்வளவுதான் கதை. முதல் நான்கு வரியை முப்பது தடவையாவது எழுதியிருப்பேன். ஐந்தாவது வரிக்குள் குக்கர் விசில் அடித்துவிடும்.

விழுப்புரத்தில் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்தும் அம்மா ஒருவர் இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் "நாவல் என்னா மேடம் ஆச்சி?" என்று கேட்பார். அவரைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவது என் வழக்கம். போன தை மாதம் பஸ் ஸ்டாண்டில் வசமாக மாட்டிக்கொண்டேன். தப்பிக்க வழியில்லை, இரண்டு கையிலும் கரும்பு.

"மேடம், ஆடி முடியறதுக்குள்ள கையில குடுத்துடுங்க, புக்கா போட்டுடறேன். முடியலன்னா விட்டுடலாம். இனிமே நானும் கேக்க மாட்டேன், நீங்களும் என்னப் பாத்து ஓட வாணாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. நாற்பத்தேழு வயது. ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிற வயது. இந்தக் கிணற்றையும் இரண்டு வீட்டையும் மண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட வேண்டியதுதானா? இந்த ஆடியை விட்டால் அவ்வளவுதான், இனி நான் எழுதப் போவதில்லை என்று எனக்கே தெரிந்தது.

சரி, முதலில் இடம் தேடினேன். இடம் அமையணும், அமைதி அமையணும் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்களே! ஒரு சனிக்கிழமை, வெள்ளைக்காரர்கள் குடியிருக்கிற குயிலாப்பாளையம் போனேன். மரத்தடியில் ஒரு காபிக் கடை. பொட்டுச் சத்தம் கிடையாது. பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு பெண்கள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அடடா, இதுவல்லவா இடம் என்று நோட்டை விரித்தேன். வந்ததா? ம்ஹூம். அவ்வளவு அமைதியில் என் வயிறு கடகடப்பது எனக்கே கேட்டது. ஒரு கேக் தின்றேன். இன்னொரு கேக் தின்றேன். 'கிணறு' என்று எழுதினேன். அதை அடித்தேன். மூன்று மணி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்தது மயிலம் மலை. கோயிலுக்கு என்றால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அந்தத் தைரியம்தான். படியேறி, சாமி கும்பிட்டு, ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து நோட்டைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு முகூர்த்த நாள். திரும்பிய பக்கமெல்லாம் கல்யாணம். பட்டு வேட்டி கட்டிய ஒருத்தர் ஓடிவந்து, "யக்கா, சும்மாதான குந்தினு இருக்கீங்க? எல்லாரும் நிக்கறோம், ஒரு போட்டோ புடிங்கக்கா" என்று செல்போனைக் கையில் திணித்தார். பிடித்தேன். இன்னொரு கல்யாணத்தில் என் சொந்தக்காரர்களே இருந்தார்கள். இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். நோட்டில் ரசம் கொட்டியது.

பஸ்ஸிலாவது எழுதுவோம் என்று பார்த்தேன். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒருநாள் ஜன்னல் சீட் கிடைத்தது. கிணற்றில் ஒரு பெண் விழுகிற இடம் கடகடவென்று வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. என் கையையே பார்த்துக்கொண்டு வந்தவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, அந்தப் பொண்ண ஏன் கெணத்துல தள்ற? நல்லா படிக்கிற பொண்ணுன்னு நீதான மேல எழுதியிருக்க?"

"கதைதாங்கம்மா" என்றேன்.

"கதைன்னா? அதப் பெத்தவ வயிறு எரியாதா?"

விக்கிரவாண்டி வரைக்கும் சண்டை. முன்சீட்டில் இருந்த இரண்டு பேரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இறங்கும்போது, "காப்பாத்திடு தாயி, நல்லா இருப்ப" என்று ஒரு முழம் மல்லிகைப் பூவைக் கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார். பூவை வாங்கிய பிறகு எப்படித் தள்ளுவது? அந்தப் பெண் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாள். ஆனால் பஸ்ஸில் எழுதுவது அன்றோடு சரி.

வீட்டிலேயே எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கொஞ்சம் எழுதணுங்க" என்று கணவரிடம் சொன்னேன். "தாராளமா எழுது, யாரு வாணான்னா? அதுக்கு முன்னாடி ஒரு காபி குடுத்துட்டு எழுது" என்றார். காபி கொடுத்து முடித்தால் மகளுடைய சுடிதாரில் பட்டன் பிய்ந்திருக்கும். பட்டன் தைத்தால் மாமியாருக்கு எது காலை மாத்திரை, எது ராத்திரி மாத்திரை என்று சந்தேகம் வரும். இவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. உட்கார்ந்திருக்கிற பொம்பளையைப் பார்த்தால் அவர்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடுகிறது. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் எங்கள் வீட்டுக் கணக்கில் அது சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

மாசியில் ஒரு காதுகுத்து வந்தது. வகிட்டில் நரை பளிச்சென்று தெரிகிறதே என்று மருதாணி போடலாம் என முடிவு செய்தேன். இரும்பு வாணலியில் பவுடரைக் கொட்டி, டீ டிகாக்‌ஷன் விட்டு, தயிரும் எலுமிச்சம் பழமும் சேர்த்து முந்தின நாளே ஊறப் போட்டாயிற்று. ஞாயிறு காலையில் மகள் என் தலை முழுக்க அப்பி, ஜவுளிக்கடை கவர் ஒன்றைத் தலையில் மாட்டி முடிச்சுப் போட்டாள். "மூணு மணி நேரம் அசையாதம்மா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பழைய நைட்டி, தோளில் கிழிந்த துண்டு. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்மேல் போய் உட்கார்ந்தேன்.

காலிங் பெல் அடித்தது. பழக்கதோஷத்தில் எழுந்தேன்.

"நீ வராத, நீ வராத! அந்தத் தலையோட வாசலுக்கு வந்தின்னா சிலிண்டர்காரர் பயந்துக்குவாரு" என்று கணவர் ஓடினார்.

சரி, குழம்பையாவது பார்ப்போம் என்று சமையலறைக்குப் போனால் மாமியார் கரண்டியோடு வாசலை மறித்து நின்றார். "இங்க வராதம்மா! கொழம்புல உதுந்துடும். போயி குந்து, நான் பாத்துக்கறேன்."

என் தங்கை போன் செய்தாள். மகள் எடுத்து, "அம்மா தலைக்குப் போட்டுக்கினு இருக்காங்க சித்தி, சாயந்தரம் பேசுங்க" என்று வைத்துவிட்டாள்.

கல்மேல் திரும்ப வந்து உட்கார்ந்தேன். ஏதோ குறைகிறதே என்று யோசித்தேன். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, யாருமே என்னைக் கூப்பிடவில்லை! வாசலுக்குப் போகக் கூடாது, அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது, சாமி ரூமுக்குப் போகக் கூடாது, போனைக் காதில் வைக்கக் கூடாது. தெருவில் இறங்குகிற பேச்சே இல்லை. அதையெல்லாம்விட, நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தலைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்! அது ஒரு வேலை. எல்லாரும் மதிக்கிற வேலை.

கொடியில் துணி எடுக்கப் போகிறவள் மாதிரி மெல்லப் போய் மகளுடைய பழைய ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம் தவளையின் இதயம், மறுபக்கம் வெறும் தாள். முதல் வரி எழுதினேன். நான்காவது வரி எழுதினேன். குக்கர் விசில் அடித்தது. அது என்னுடைய குக்கர் இல்லை! ஐந்தாவது வரி எழுதினேன். ஆறாவது வந்தது, ஏழாவது வந்தது, அப்புறம் நான் எண்ணவில்லை. கிணற்றடியில் இரண்டு பெண்கள் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு சண்டை போட, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நெற்றியில் மருதாணி வழிந்து கண்ணுக்கு வந்துவிட்டது. துடைத்துவிட்டு எழுதினேன். நான்கு பக்கம்! பதினோரு வருஷமாக வீட்டில் நான்கு வரி, ஒரு காலையில் நான்கு பக்கம்! அன்றைக்குத் தலை அலசும்போது பாத்ரூமில் நான் சத்தமாகப் பாடியதைக் கேட்டு, காதுகுத்துக்குப் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறும் மருதாணி. அதற்கடுத்த ஞாயிறும். பங்குனி பிறந்ததும் சனிக்கிழமையும் சேர்த்துக்கொண்டேன். திங்கள் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்தால் அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று கால் ஆடும். காதல் வந்த பெண்ணுக்குக்கூட இப்படித் தலைகால் புரியாமல் போகுமா என்று தெரியாது. ஏழு அத்தியாயம், ஒன்பது அத்தியாயம் என்று நாவல் ஏறிக்கொண்டே போனது. முடியும் நிறம் ஏறிக்கொண்டே போனது. முதலில் லேசான சிவப்பு. பிறகு செம்புக் குடம். சித்திரையில் செங்கல். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி, "மேடம், கூட்டத்துல உங்களத் தேடவே வாணாம், மாடியிலருந்து பாத்தாலே தெரியறீங்க" என்றாள். என் கணவர் தெருவில் என்னோடு நடக்கும்போது ரெண்டடி முன்னால் நடந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வைகாசியில் சளி பிடித்தது. வாரம் இரண்டு நாள், மூன்று மூன்று மணி நேரம் குளிர்ச்சியைத் தலையில் சுமந்தால் பிடிக்காமல் என்ன செய்யும்? பதினாலாவது அத்தியாயம் முழுக்கத் தும்மிக்கொண்டே எழுதினேன். டாக்டர் மூக்கில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இனி மருதாணிப் பக்கமே போகக் கூடாது என்றார். மாமியார் பக்கத்திலேயே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட் பாக்கெட்டாக இருந்த பவுடரையெல்லாம் அள்ளி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். போச்சு! எட்டு அத்தியாயம் பாக்கி, ஆடி வாசலில் நிற்கிறது. நான் கட்டிலில் விழுந்து அழுதேன். "மூக்கு அவ்ளோ வலிக்குதா?" என்று பாவம், ஆவி பிடிக்க வெந்நீர் கொண்டுவந்தார் கணவர்.

வெறும் கவரை மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். கவருக்குள் காய்ந்த முடி அப்படியே தெரிந்தது. அரைமணி நேரத்தில், "சும்மாதான இருக்க, இந்தக் கீரையக் கிள்ளு" என்று மடியில் வந்து விழுந்தது. ஏதாவது அப்பியே ஆகவேண்டும். சளி பிடிக்காததாக, சாயம் ஏறாததாக, பார்த்தால் மருதாணி மாதிரியே இருப்பதாக. ஆனியில் ஒருநாள் சாமான் அறையில் நீலக் கலர் டிரம் ஒன்றைத் திறந்தேன். வழிய வழியக் கேப்பை மாவு. நல்ல மண்ணிறம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கேப்பை மாவில் டிகாக்‌ஷன் ஊற்றிப் பிசைந்தால் மருதாணியேதான் போங்கள்! "இது சூட்டு மருதாணி அத்தே, சளியே புடிக்காதாம், ஆபீஸ்ல ஒருத்தி குடுத்தா" என்று வாய் கூசாமல் புளுகினேன். தூக்கம் வராமல் புரள வேண்டிய பாவம்தான், ஆனால் நன்றாகவே தூங்கினேன். சளி போனது. ஆனால் கேப்பையில் வேறு தொல்லை. காய்ந்தால் சிமெண்டுப் பூச்சு. அலசுவதற்குள் கை ஓய்ந்துவிடும், சீப்பில் அடையடையாக வரும். எறும்புக்கும் தகவல் போய்விட்டது. நாவலில் பெரியவர் செத்து ஊரே அழுகிற அத்தியாயத்தை, கழுத்தில் ஏறிக்கொண்டிருந்த எறும்பைத் தட்டித் தட்டி, கண்ணீரோடும் நெளிந்துகொண்டும் எழுதினேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஆடியும் பாதி தாண்டிவிட்டது. இருபத்தொன்றும் முடிந்து கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மாவை அப்பிக்கொண்டு கல்மேல் உட்கார்ந்தாயிற்று. பேசாதிருந்த இரண்டு வீட்டுப் பெண்களில் ஒருத்தி மற்றவள் வாசலில் வந்து நிற்கிறாள். கூப்பிடப் போகிறாள். என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று எனக்கே தெரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து டிரம் மூடி தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிறு. கூழுக்கு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மாமியார் அதற்காக ஆனியிலேயே கேப்பையைச் சுத்தம் பார்த்து, குளித்து, ஈரப்புடவையோடு மிஷினுக்குப் போய் அரைத்து ஒரு டிரம்மில் தனியாக எடுத்து வைத்திருந்தார். எந்த டிரம்மில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாமான் அறையிலிருந்து பின்கட்டு வரைக்கும் நான் சிந்திக்கொண்டு வந்த மாவு கோலப்பொடி மாதிரி கிடந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் காலடியில் வந்து நின்றார்.

"தலையில என்னாது?"

"மருதாணிங்க அத்தே."

குனிந்து என் காதோரம் ஒரு விரலால் வழித்தார். மோந்து பார்த்தார்.

"கேப்பை" என்றார். சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. "அடிப்பாவி! ஆத்தாளுக்குக் கூழு ஊத்த அரைச்சி வெச்ச மாவடி! அதத் தலையில அப்பிக்கினு குந்தினு இருக்கியே, உனுக்கென்னா பைத்தியமா?"

சத்தியமாகத் தெரியாது, சாமி மாவு என்று தெரிந்தால் தொட்டிருப்பேனா? அதைச் சொல்ல வாயைத் திறந்தால் வேறு வந்தது. "நாவல் எழுதறேன் அத்தே."

"தலையிலயா?"

சிரிக்கக் கூடாத நேரம். சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. மூக்கும் கேப்பையுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாசியில் போட்ட மருதாணி, பங்குனியில் போட்ட மருதாணி, சூட்டு மருதாணி, ஆடிக்குள் தரவேண்டும் என்ற கெடு, மண்டைக்குள் கிடந்த கிணறு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"எவ்ளோ பாக்கி?"

"ஒரே ஒரு அத்தியாயம் அத்தே. இன்னிக்கி முடிஞ்சிடும்."

"அதுக்கு ஏன் இந்தக் கூத்து? எழுதறேன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டிதான? யாரு வாணான்னு சொல்லப்போறா?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா அத்தே?"

கோபமாகத்தான் கேட்டேன். பதினோரு வருஷக் கோபம். அவர் விரலில் இருந்த மாவை முந்தானையில் துடைத்தார். எங்கள் மாமியாரிடம் ஆயிரம் குறை சொல்வேன், ஆனால் பொய் பேச மாட்டார்.

"மாட்டேன்" என்றார். "ஒண்ணு இல்லன்னா ஒண்ணுக்குக் கூப்ட்டுக்கினுதான் இருந்திருப்பேன். கூப்டாம இருக்க எனுக்குத் தெரியாதும்மா."

உள்ளே போனார். "டேய்! ஜல்தி நாலு படி கேப்பைய எடுத்துக்கினு மிஷினுக்கு ஓடு. குளிச்சிட்டுப் போ" என்று கணவரை விரட்டும் குரல் கேட்டது.

"டிரம்ல அரைச்சது இருக்குதேம்மா?"

"இருந்துச்சி. வண்டு உழுந்துடுச்சி. போடான்னா!"

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயதானவர் ஒற்றை ஆளாகக் கூழ் கரைக்க, நான் கதை எழுதிக்கொண்டிருப்பதா? நோட்டை மூடிவிட்டு எழுந்து, "இருங்க அத்தே, தலைய அலசிட்டு வந்து நான் கரைச்சித் தர்றேன்" என்று கத்தினேன்.

அவர் பின்வாசல் நிலையில் வந்து நின்றார். கையில் கூழ்ப் பானை.

"அலசாத" என்றார். "அலசிட்டின்னா நான் கூப்டுவேன். முடிச்சிட்டு அலசு."

உட்கார்ந்தேன். மாவு காய்ந்து இறுகி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசி வரியை எழுதினேன். அதுவரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.